பத்தாண்டுகளின் ஓசை: நன்னிலத்திலிருந்து கேட்டது

ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஓர் இசைக்கலைஞரைப் பிரதிநிதியாக நிறுத்துவது நம் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன வேலை. நாற்பதுகள் என்றால் பாகவதர், அறுபதுகள் என்றால் விஸ்வநாதன், எண்பதுகள் என்றால் இளையராஜா, தொண்ணூறுகள் என்றால் ரஹ்மான். பட்டியலில் பெரிய பிழை இல்லை. ஆனால் அது சென்னையில், ஒலிப்பதிவுக்கூடத்தின் வாசலில் நின்று எழுதிய பட்டியல். பாட்டு எங்கே உருவானது என்பது அதில் தெரிகிறது. யார் காதுக்கு, எதன் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பது தெரிவதில்லை. கேட்ட இடத்தில் நின்று பார்த்தால் சில பெயர்கள் இடம் மாறுகின்றன, விடுபட்ட சிலர் உள்ளே வருகிறார்கள், பத்தாண்டு என்னும் அளவுகோலே நெளியத் தொடங்குகிறது.

கேட்கும் இடமாக நன்னிலத்தை எடுத்துக்கொள்கிறேன். மாயவரத்திலிருந்து திருவாரூர் போகும் ரயில் பாதையில் இருக்கும் சிறிய ஊர்; சுற்றிலும் குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லைத் தவிர வேறு நினைப்பில்லாத வயல்கள். தெற்கே திருவாரூர், கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் பிறந்த ஊர். வடக்கே போனால் திருவீழிமிழலையும் திருப்பாம்புரமும். கிழக்கே திருமருகல். இந்த ஊர்களின் பெயர்களெல்லாம் இசைக்கலைஞர்களின் பெயருக்கு முன்னொட்டாகவே தமிழ்நாட்டுக்குத் தெரியும். நன்னிலத்தைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1930 ஜூலை 9 அன்று நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்த ஒருவர், தாம் இசைக்கலைஞராக இல்லாமலேயே, மூன்று பத்தாண்டுகளின் ஓசை கைமாறிய இடங்களில் நின்றார். இயக்குநர் கே. பாலசந்தர். அவரிடம் பிறகு வருகிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஒரு காலத்தின் ஓசைக்குப் பிரதிநிதியாவதற்கு மேதைமை மட்டும் போதாது. அந்த ஓசையை ஊருக்குள் கொண்டுவந்தது எது? கோயில் வீதியா, இசைத்தட்டா, கூம்பு ஒலிபெருக்கியா, வானொலியா, கேசட்டா? அந்தச் சாதனத்தின் இயல்பை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்துகொண்ட கலைஞர்தான் அந்தக் காலத்தின் குரலாகிறார். அவருக்குச் சமமான மேதைகள் பக்கத்து ஊரிலேயே இருந்திருக்கலாம். காலம் அவர்கள் பெயரில் வழங்கப்படுவதில்லை.

முப்பதுகளில் காவிரிப் படுகையில் பொது ஓசை என்றால் பெரிய மேளம். இரண்டு நாகசுரம், தவில், ஒத்து, தாளம். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. பிறகு வீதிக்கு வீதி, வேளைக்கு வேளை ராகம் மாறும். புறப்பாடு இரவு முழுக்க நீளும் என்பதால் ஆலாபனைக்கும் அவ்வளவு இடமிருந்தது. கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. திண்ணையில் படுத்திருப்பவருக்கும், வண்டியை ஓரம் கட்டி நிற்பவருக்கும் ஒரே தோடிதான். ஆனால் வாசிப்பவரின் நிலை அவ்வளவு சமமாக இல்லை. எத்தனை பெரிய வித்வானானாலும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்க வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் மேல்துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க வேண்டும்.

இந்தச் சூழலில்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வருகிறார். 1898 ஆகஸ்ட் 27இல் பிறந்தவர். மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீன வித்வான். நம் நன்னிலத்துக்குக் கிழக்கேயிருந்த மரபு அது. சிறுவன் ராஜரத்தினத்துக்கு முதலில் கிடைத்தது வாய்ப்பாட்டுப் பயிற்சி, பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம். நாகசுரம் அதற்குப் பிறகுதான், அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம். அவர் வாசிப்பில் வாய்ப்பாட்டின் குழைவு இருந்ததற்கு இந்த வரிசை ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மேடையில் உட்கார்ந்து வாசிப்பதை அவர் நிலைநாட்டினார். தலைமுடியை வெட்டிக்கொண்டார், கோட்டு சூட்டு அணிந்தார். உரிய மரியாதை இல்லாத இடத்தில் வாசிக்க மறுத்தார். 1947 ஆகஸ்டில் சுதந்திரத்தையொட்டித் திருவாவடுதுறை ஆதீனத்தார் டெல்லிக்குப் போனபோது ஆதீன வித்வானாக அவரும் போய் வாசித்தார். இசை வேளாளர் ஒருவர் தம் கலையின் பெயரால் கேட்டுப் பெற்ற மரியாதையின் வரலாற்றில் இதெல்லாம் பெரிய விஷயம்.

அவர் காலத்தின் ஓசையானதற்கு இதற்கும் அடியில் இன்னொரு மாற்றம் இருக்கிறது. அதைப் போதிய அளவு யாரும் பேசியதில்லை. பழைய நாகசுரம் திமிரி. குட்டையானது, சுருதி உயர்ந்தது. திறந்தவெளியில், தவிலுக்கு ஈடுகொடுத்து, நாலு வீதிக்குக் கேட்க வேண்டிய வாத்தியம் அப்படித்தான் இருக்க முடியும். ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்துக்குப் போனார். பாரியில் சுத்த மத்திமம் சரியாகப் பேசாது என்ற குறை நெடுநாள் இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அந்தக் குறை நீங்கிய வாத்தியத்தை அவருக்காகக் கடைந்து கொடுத்தார். ஆச்சா மரத்தில் உலவு, நாணலில் சீவாளி, கீழே அணசு. பொருள்கள் அவைதான், ஆனால் துளைகளுக்கிடையே உள்ள கணக்கு புதிது. சுருதி ஏன் இறங்க முடிந்தது? ஒலிவாங்கி வந்துவிட்டதால் என்பது என் ஊகம். நாலு வீதிக்குக் கேட்க வைக்கும் பொறுப்பை மின்சாரம் எடுத்துக்கொண்ட பிறகு, வாத்தியம் கார்வைக்காக நீள முடிந்தது. வாத்தியத்தின் உடலே ஒலிச் சாதனத்துக்கேற்ப மாறியிருக்கிறது என்றால், கலைஞனின் பாணி மாறாமல் இருக்குமா?

இசைத்தட்டையும் அவர் வென்றார். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். இரவெல்லாம் தோடி வாசித்தவருக்கு அது எத்தனை சிறிய அறை! ஆனாலும் அவருடைய தோடி இசைத்தட்டுதான் புறப்பாட்டையே பார்த்திராதவர்களிடம் நாகசுரத்தைக் கொண்டுசேர்த்தது. திரைப்படத்திலோ நிலைமை வேறு. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ 1940இல் வந்தது, ராஜரத்தினம் பிள்ளையே கதாநாயகன். அதற்குப் பின் அவர் நடிகராகத் தொடரவில்லை. அதே மனிதர், அதே புகழ். ஆனால் அந்தச் சாதனத்தில் அவருக்கு இடமில்லை.

அதே காலத்தில் நன்னிலத்துக்கு வடமேற்கே திருவீழிமிழலைச் சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனைகளை வாய்ப்பாட்டுப் பாடாந்தரம் பிசகாமல், சொல் பிரியும் இடம்கூடத் தெரிகிற மாதிரி நாகசுரத்தில் கொண்டுவந்தவர்கள். பக்கத்துத் திருப்பாம்புரத்தில் இன்னொரு நடராஜசுந்தரம் பிள்ளை. முத்துசாமி தீட்சிதர் வழிவந்த கீர்த்தனைகளைச் சேகரித்து 1936இல் நூலாக்கியவர். அவர் மகன் சுவாமிநாத பிள்ளை புல்லாங்குழலில் தம் காலத்துப் பெரியவர். இசை தெரிந்தவர்களிடம் முப்பதுகளின் படுகை இசைக்கு யார் அளவுகோல் என்று கேட்டால், மிழலைச் சகோதரர்களைச் சொல்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அது நியாயமான பதில். ஆனால் அவர்களுடைய அருமை கிட்டத்தில் உட்கார்ந்து, கீர்த்தனை தெரிந்து கேட்பவருக்கானது. தெருவும் இசைத்தட்டும் வேறொன்றைக் கேட்டன. அதை ராஜரத்தினம் பிள்ளை கொடுத்தார்.

தவிலையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட எந்தப் பட்டியலிலும் தவில்காரர் பெயர் வருவதில்லை. ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவர் மருமகன் நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையும் இல்லாமல் அந்தக் காலத்தின் ஓசையை நினைத்துப் பார்க்கவே முடியாது. தூரத்திலிருந்து வரும் மேளத்தில் முதலில் காதில் விழுவது தவில்தான். இசைத்தட்டுக் காலத்துக் கருவிகளுக்கு அந்தத் தோலின் கனத்தைப் பிடிக்கும் வல்லமை இல்லாததால், அவர்கள் புகழ் கேட்டவர்களின் நினைவிலேயே தங்கிப்போனது.

மாயவரத்தில் 1910இல் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதரின் கதையிலும் இந்தச் சாதனக் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய உச்ச சுருதிக் குரல்; அதே குரல் பேசும்படத்துக்கும் இசைத்தட்டுக்கும் பொருந்திப்போனது. பாபநாசம் சிவன் பாட்டும் மெட்டும் அமைத்தார், ஜி. ராமநாதன் வாத்தியம் சேர்த்தார். சிவனும் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தவர். கச்சேரி இசையை மூன்று நிமிடத்துக்குள் அடக்கி, ராகம் தெரியாதவரும் முணுமுணுக்கும்படி செய்த சாதனை இவர்களுடையது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது. அந்த ஆண்டு இறுதியிலேயே லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் பாகவதர் கைதானார். 1947இல் விடுதலையாகி வந்தபோது அந்தக் குரல் அப்படியேதான் இருந்தது. சினிமாதான் பாட்டிலிருந்து வசனத்துக்கு நகர்ந்திருந்தது. பின்னணிப் பாடகர் என்றொரு தொழில் உருவாகி, உச்ச சுருதிக்குத் தேவை குறைந்திருந்தது. எனவே நாற்பதுகள் பாகவதருடையவை என்று சொல்வதைவிட, 1937இன் ‘சிந்தாமணி’யிலிருந்து 1944இன் ‘ஹரிதாஸ்’ வரை அவருடையவை என்று சொல்வது உண்மைக்குக் கிட்டே வரும். இசையின் பத்தாண்டுகள் பூஜ்யத்தில் முடியும் ஆண்டில் தொடங்குவதில்லை.

பாகவதரின் படங்களைப் பார்த்து மயங்கிய எத்தனையோ சிறுவர்களில் நன்னிலத்துப் பாலசந்தரும் ஒருவர்.

ஐம்பதுகளில் ஊருக்குள் இரண்டு புதிய சாதனங்கள் வந்தன. ஒன்று வானொலி. திருச்சி நிலையம் 1939 மே மாதமே தொடங்கியிருந்தாலும், பஞ்சாயத்து ரேடியோ வந்த பிறகுதான் அது ஊர்ச் சொத்தானது. 1952இல் மத்திய அமைச்சரான கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் தராமல் இறுக்கிப் பிடித்தார். கர்நாடக இசைக்கு அதனால் நன்மை விளைந்தது. படுகையின் வித்வான்கள் பலருக்கு வானொலி ஆதரவாக நின்றது. ஆனால் கடல் பக்கத்திலிருந்த எங்கள் மாவட்டங்களில் முள்ளைச் சற்றுத் திருப்பினால் இலங்கை வானொலி. அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலும் அவர் போட்ட பாட்டுகளும் எந்தத் தடையுமில்லாமல் வந்து இறங்கின. 1957இல் விவித பாரதி தொடங்கியதற்கு இந்த இலங்கைப் போட்டியே முக்கியக் காரணம்.

மற்றொன்று கூம்பு ஒலிபெருக்கி. இதன் நாயகன் நாகூர் ஹனிபா என்பது என் உறுதியான கருத்து. சென்னைப் பட்டியல்களில் அவர் பெயர் இல்லாதது பெரிய குறை. கூம்பு ஒலிபெருக்கி அடித்தொனிகளைத் தின்றுவிடும். நடுத்தொனியும் மேல்தொனியுமே தூரம் போகும். ஹனிபாவின் குரல் இந்தக் கருவிக்கென்றே வார்த்தது போன்றது. கணீரென்ற தொடக்கம், ஒவ்வோர் எழுத்தையும் உடையாமல் எறியும் உச்சரிப்பு, மூச்சு நீளம். ஒலிபெருக்கி இல்லாமலே கூட்டத்தைக் கட்டிப்போடக்கூடியவர் என்பார்கள். காலையில் இஸ்லாமியப் பாட்டு, மாலையில் தி.மு.க. மேடை, கந்தூரியில் ஒரு குரல், தேர்தலில் அதே குரல். அண்ணாவைப் பற்றி அவர் பாடிய பாட்டு, அந்த இயக்கத்துக்குப் பேச்சாளர்கள் செய்த வேலைக்குச் சற்றும் குறையாத வேலை செய்தது. திருமண வீட்டில் இந்துக்களும் அவர் பாட்டைப் போட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் செய்தியே இல்லை. அவரை எந்தப் பத்தாண்டில் அடைப்பது? ஐம்பதுகளில் தொடங்கி, 2015 ஏப்ரலில் அவர் காலமாகும்வரை, அதற்குப் பிறகும், அந்த இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் ஓயவில்லை. ‘இசைமுரசு’ என்று அவருக்குக் கொடுத்த பட்டம் மிகை இல்லை.

கூம்பின் இன்னொரு குரல் சீர்காழி கோவிந்தராஜன். அவர் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். நன்னிலத்துப் பக்கத்து ஊரின் குழல் மரபு, கோயில் திருவிழாவின் விடியற்காலை ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டாக அதே வட்டாரத்துக்குத் திரும்பி வந்தது.

இங்கே ஒரு மரண வரிசையைக் குறிக்க வேண்டும். 1956 டிசம்பரில் ராஜரத்தினம் பிள்ளை, 1959 நவம்பரில் பாகவதர், 1963இல் ஜி. ராமநாதன், 1964இல் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம், அதே ஆண்டில் நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளை. எட்டு ஆண்டுகளுக்குள் ஒரு முழு ஓசை உலகத்தின் தூண்கள் சாய்ந்தன. இந்த எட்டு ஆண்டுகள்தான் படுகையின் இசை வரலாற்றில் மிகக் கூர்மையான திருப்பம்; ஐம்பதுகள், அறுபதுகள் என்று இரண்டாகப் பிரித்து எழுதினால் அது கண்ணிலேயே படாது. 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது நாகசுரம் ஏற்கெனவே ஏக்கத்தோடு நினைத்துக்கொள்ளும் பொருளாகியிருந்தது. கதையின் வித்வான் சிக்கல்காரர், மோகனாம்பாள் திருவாரூர்க்காரி. திரையில் கேட்ட நாகசுரமோ மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. எங்கள் வீதியின் ஓசை, வேறோர் ஊர் வித்வான்கள் வாசிக்க, டூரிங் கொட்டகை வழியாக எங்களுக்கே வந்து சேர்ந்தது. அவர்கள் அற்புதமாக வாசித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஓசை தன் மண்ணிலிருந்து பிரிந்து படமாகிவிட்டதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி பாலசந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து 1949இல் பட்டம் பெற்றார். முத்துப்பேட்டையில் ஓராண்டு ஆசிரியர். பிறகு சென்னையில் கணக்காயர் அலுவலகம், மாலையில் நாடகம். நாடகத்திலிருந்து கூடவே வந்தவர் வி. குமார். 1965இல் ‘நீர்க்குமிழி’, பாலசந்தர் இயக்கிய முதல் படம், குமார் இசையமைத்த முதல் படம். அதே 1965இல்தான் விஸ்வநாதன், ராமமூர்த்தி இணை பிரிந்தது. தமிழ்ச் சினிமா இசையின் அறுபதுகள் என்று நாம் நினைத்துக்கொள்வதில் பெரும்பகுதி அந்தப் பிரிவுக்கு முந்தையது. திருச்சிக்காரரான ராமமூர்த்தியின் பிடிலும், பாலக்காட்டிலிருந்து வந்த விஸ்வநாதனின் ஆர்மோனியமும் சேர்ந்தது. பிரிந்த பிறகு விஸ்வநாதன் வேறொரு கலைஞரானார். அந்த இரண்டாவது விஸ்வநாதனைத்தான் பாலசந்தர் முழுக்கப் பயன்படுத்தினார்: ‘அவள் ஒரு தொடர்கதை’, ‘அபூர்வ ராகங்கள்’, ‘மன்மத லீலை’, ‘அவர்கள்’, ‘நினைத்தாலே இனிக்கும்’, ‘வறுமையின் நிறம் சிவப்பு’. ‘அபூர்வ ராகங்க’ளில் பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மஹதி என்ற நாலு சுர ராகத்தை எடுத்துப் பாட்டாக்கினார் விஸ்வநாதன். அதே படத்துக்காக வாணி ஜெயராம் தேசிய விருது பெற்றார். டிரான்சிஸ்டர் கைக்கு வந்துவிட்ட காலம் அது. கிணற்றடியில் ஒருவர் தனியாகக் கேட்கும் பாட்டுக்கு மேடைக் குரல் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரல் போதும். விஸ்வநாதனின் எழுபதுகளில் அந்தப் பேச்சுத் தன்மை இருக்கிறது. இன்று எழுபதுகளை இளையராஜா பெயருக்கு எழுதிவிடுகிறார்கள். 1976இன் ‘அன்னக்கிளி’ பெரும் உடைப்புத்தான். அதற்காக அதற்கு முன்னும் பின்னும் விஸ்வநாதன் செய்ததை அழிக்கக் கூடாது.

பாலசந்தர் இளையராஜாவிடம் போனது 1985இல், ‘அன்னக்கிளி’க்கு ஒன்பது ஆண்டு கழித்து. படம் ‘சிந்து பைரவி’. எண்பதுகளின் ஓசைக்கு ஒரே ஒரு சான்று தா என்று கேட்டால் நான் இதைத்தான் கொடுப்பேன். கர்நாடக வித்வான் ஒருவர். அவர் பாடும் தெலுங்கு கேட்பவர்களுக்குப் புரியவில்லை என்று எழுந்து கேட்கும் ஒரு பெண். அந்தப் பெண் நாட்டுப்பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே தியாகராஜரின் கீர்த்தனையில் போய்ச் சேர்கிறாள். அந்தக் கீர்த்தனை காலங்காலமாகக் காம்போதியில் பாடப்படுவது. இளையராஜா அதைச் சாரமதியில் அமைத்தார். வித்வான்கள் சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டின் வாதமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது: வயல்வெளியில் கேட்ட மெட்டும் சபையில் கேட்ட ராகமும் ஒரே சுரங்களில் நிற்கின்றன என்று காதாலேயே நிரூபிப்பது. அந்த ஆண்டின் தேசிய விருதுகள் இளையராஜாவுக்கும் பாடகி சித்ராவுக்கும் நடிகை சுகாசினிக்கும் கிடைத்தன.

அந்தப் பெண் எழுப்பிய மொழி வாதம் 1985இல் பிறந்ததன்று. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். சூடு ஆறாத அந்த ஆண்டுகளில் பாலசந்தர் சிதம்பரத்தில் மாணவர். அங்கே காதில் விழுந்த வாதம் நாற்பது ஆண்டு அவருக்குள் இருந்து, தக்க இசையமைப்பாளர் கிடைத்ததும் வெளிவந்தது என்று நான் நம்புகிறேன். திருவாரூரில் பிறந்த தியாகராஜர், பதினைந்து கிலோமீட்டருக்குள் பிறந்த பாலசந்தர், இருவருக்கும் தொலைவில் பண்ணைப்புரத்தில் பிறந்து, வயலும் மேடையும் தெரிந்து, மேல்நாட்டு மேதை பாக்கின் (Bach) இசையும் படித்து வந்த இளையராஜா. படுகையின் செவ்வியல் மரபை அதற்கு வெளியேயிருந்து வந்தவர்தான் மறுபடியும் எல்லோருக்கும் உரியதாக்க முடிந்தது. சபை இசையின் வாசல் யாருக்கெல்லாம் அடைத்துக் கிடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதன் எடை புரியும்.

இளையராஜாவின் சாதனம் கேசட். ஒவ்வோர் ஊரிலும் ரெக்கார்டிங் சென்டர் வந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக்கொடுத்து, அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ வெற்று நாடாவில் பதிந்து வாங்கலாம். முதல் முறையாகக் கேட்பவரே வரிசையைத் தீர்மானித்தார். தனியார் பஸ்களின் புகழ் டிரைவர் வைத்திருக்கும் கேசட்டைப் பொறுத்தது. ஒரே பாட்டைப் பத்துத் தரம் திருப்பிக் கேட்கும் வசதி வந்த பிறகுதான், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இளையராஜா வைத்த வயலின் கோவைகளையும், அடியில் நகரும் பேஸ் கித்தாரையும் சாதாரணக் கேட்பவர் கவனிக்கத் தொடங்கினார். அந்த நுணுக்கம் கூம்பு ஒலிபெருக்கியில் செத்துப்போயிருக்கும். இதே எண்பதுகளில் மாயவரம் தன் சொந்தக் குரலையும் கொடுத்தது: 1980இன் ‘ஒருதலை ராகம்’, கதையும் பாட்டும் இசையும் டி. ராஜேந்தர். கல்லூரியும் ரயிலுமாக அந்தப் படம் எங்கள் பகுதி இளைஞர்களுக்குத் தந்த சோகம் தனிக் கட்டுரைக்குரியது.

1989இன் ‘புதுப்புது அர்த்தங்க’ளோடு பாலசந்தர், இளையராஜா கூட்டு முடிந்தது. 1991இல் ‘அழகன்’, இசை மரகதமணி. பிற்காலத்தில் கீரவாணியாக ஆஸ்கர் வாங்கியவர். 1992 ஆகஸ்ட் 15இல் பாலசந்தரின் கவிதாலயா தயாரித்து மணிரத்னம் இயக்கிய ‘ரோஜா’. ஏ. ஆர். ரஹ்மானுக்கு முதல் படம், முதல் தேசிய விருது. விஸ்வநாதனிடம் அவருடைய உச்சத்திலும், இளையராஜாவிடம் ஒன்பது ஆண்டு தாமதமாகவும் போய்ச் சேர்ந்தவர், ரஹ்மானுக்கு மட்டும் முதல் நாளிலேயே கதவு திறந்துவைத்தார்.

1994இல் பாலசந்தரே இயக்கிய ‘டூயட்’ எனக்கு இதைவிட முக்கியமாகப்படுகிறது. அதன் உயிர் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன். கோபால்நாத் மங்களூர்ப் பக்கத்து நாகசுர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதற்கு மாறியவர். அந்த வாத்தியத்தில் அவர் கமகம் இழுக்கும் விதத்தில் நாகசுரத்தின் மூச்சு இருக்கிறது. திமிரியிலிருந்து பாரிக்கு இறங்கிய சுருதி, அங்கிருந்து பித்தளைக்குள் புகுந்து, நன்னிலத்துக்காரர் ஒருவரின் படத்தில் ரஹ்மானின் ஒலிக்கலவையோடு கலந்தது. அதற்குப் பின் கல்யாண மண்டபங்களில் சாக்ஸபோன் கச்சேரி சாதாரணமானது. சில வீடுகளில் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் நாகசுரம், வரவேற்புக்கு சாக்ஸபோன் என்று பங்கு பிரிந்தது.

2000க்குப் பிறகு பிரதிநிதி தேடுவது வீண் வேலை என்றே நினைக்கிறேன். யுவன் சங்கர் ராஜா, ஹாரிஸ் ஜெயராஜ், அனிருத், சந்தோஷ் நாராயணன் எல்லோருக்கும் பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. ஆனால் ஓசை செல்போனுக்குள்ளும் காதுக்குள்ளும் போய்விட்டது. ஒரே பஸ்ஸில் நாற்பது பேர் நாற்பது பாட்டு கேட்கும் காலத்துக்குப் பொதுக் குரல் கிடையாது.

இவ்வளவு எழுதிய பிறகும் என்னை உறுத்துவது வேறொன்று. 1930 முதல் 1980 வரை நன்னிலம் வட்டாரத்தில் அதிக மணி நேரம், அதிகப் பேர் காதில் விழுந்த இசை எது? ராஜரத்தினம் பிள்ளையும் இல்லை, பாகவதரும் இல்லை. நடவுப் பாட்டு. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, நாற்றங்கால் விட்டு, நடவு தொடங்கியதும் வயலெல்லாம் பெண்களின் பாட்டும் குலவையும்தான். ஒருத்தி முன்னெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் நடை கையின் நடையைப் பிடித்து நிறுத்தும். பண்ணையாரைக் கிண்டல் செய்யவும், கூலியைப் பேசவும், பிரிவை அழவும் அதில் இடமிருந்தது. சாவு வீட்டில் ஒப்பாரியும் பறையும் அதே மக்களுடையவை. இவர்களில் பெரும்பாலோர் எந்தக் கோயில் வீதியில் மல்லாரி கேட்டதோ அந்த வீதிக்குள் நடக்க முடியாதவர்கள். இவர்களுக்கு இசைத்தட்டு கிடைக்கவில்லை, வானொலியில் ஓரமாக ஒரு கிராமிய நிகழ்ச்சி கிடைத்தது. தொண்ணூறுகளில் வேதாரண்யத்தை அடுத்த புஷ்பவனத்திலிருந்து வந்த புஷ்பவனம் குப்புசாமி கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் நாட்டுப்பாட்டைப் பரப்பினார். பெரிய பணி அது. ஆனால் அப்போது வயலில் பாட்டு மெலிந்துகொண்டிருந்தது. நடவு எந்திரம் வந்த வயலில் பாட்டுக்கு வேலை இல்லை.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைபவர்களுக்கு அது நியாயமான அங்கீகாரம். அதுபோன்ற கவனம் நடவுப் பாட்டுக்கும் உடனே தேவை. அறுபதுகளில் பாட்டெடுத்துக் கொடுத்த பெண்களில் இன்று இருப்பவர்கள் எண்பதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் துறை இருக்கிறது. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய், பாடும் பெண்ணின் பெயர், ஊர், எந்த வயலில், எந்தப் பட்டத்தில் பாடியது என்ற விவரத்தோடு, முழு நீளமாகப் பதிய வேண்டும். பாட்டை மட்டும் கத்தரித்து எடுக்காமல் நடுவில் அவர்கள் பேசுவதையும் சேர்த்துப் பதிய வேண்டும். குடவாசல், நன்னிலம், வலங்கைமான் மூன்று வட்டங்களிலிருந்து தொடங்கலாம். அடுத்த குறுவைக்கு முன்பே தொடங்கலாம்.